சிவக்காத கால்

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் பதினேழு நாள் கிடந்துவிட்டுக் கரியாலூருக்குத் திரும்பி வந்து இன்றோடு ஒரு மாதமும் மூன்று நாளும் ஆகின்றன. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "ஒரு முள்ளுக்கா சார் இவ்ளோ?" இதுவரை முப்பத்திரண்டு பேருக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொருவரிடமும் ஏதாவது ஒன்றை விட்டுவிடுகிறேன். அவர்கள் படி இறங்கிப் போன பிறகுதான் விட்டது நினைவுக்கு வருகிறது. அன்று முழுக்க அது உறுத்துகிறது. அதனால் ஒரேயடியாக எழுதி வைக்கிறேன். முப்பத்துமூன்றாவது ஆள் வந்தால் இதைக் கையில் கொடுத்துவிடலாம்.

நான் கணக்கு வாத்தியார். மலைப் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்துவிட்டு, ஓய்வுபெற்ற பிறகும் சொந்த ஊரான திருநாவலூருக்குப் போகாமல் இங்கேயே தங்கிவிட்டேன். எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. என் மனைவி பச்சையம்மாளுக்கு இந்தப் பழக்கம் பிடிக்காது. "எண்ணிக்கினே இருந்தா எப்பத்தான் வாழறது?" என்பாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கல்யாணமாகி நாற்பத்தொரு வருடம். அதில் நானும் அவளும் ஒரே கூரையின் கீழ் படுக்காத நாட்கள் முப்பத்தெட்டு. இந்தக் கணக்கை மட்டும் அவளிடம் சொன்னதில்லை.

இடது பாதத்தில், சுண்டுவிரலுக்குக் கீழே, காரை முள் குத்தியது. நானே பிடுங்கி எறிந்தேன். எட்டு நாள் கழித்துப் பாதம் வீங்கியிருந்தது. வலி இல்லை, அதனால் கவலையும் இல்லை. பென்ஷன் காகிதம் ஒன்றில் கையெழுத்துப் போடுவதற்காகக் காலை பஸ்ஸில் தனியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கினேன். சாயங்கால பஸ்ஸில் திரும்பி வருவதாக ஏற்பாடு. அலுவலகத்தில் இருந்த எழுத்தர் என் காலைப் பார்த்துவிட்டு, "சார், கையெழுத்து அப்புறம் போடலாம், முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க. வெரலு கறுத்துக்கினு வருது பாருங்க" என்றார். குனிந்து பார்த்தேன். சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் நாவல் பழ நிறத்தில் இருந்தன.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தவர் ஒரு டாக்டரம்மா. முப்பது வயதிருக்கும். பாதத்தை அழுத்தினார்.

"வலிக்குதா?"

"இல்லை."

இன்னும் அழுத்தினார். "இப்ப?"

"இல்லை."

புறங்கையை வைத்துப் பார்த்தார். மற்றக் காலிலும் வைத்துப் பார்த்தார். "ரெண்டும் ஒரே சூடு. வலிக்கணுமே சார், ஏன் வலிக்கல?" என்று என்னையே கேட்டார். எனக்கு ஏதோ தவறு செய்துவிட்ட மாதிரி இருந்தது.

உடம்பில் ஓரிடத்தில் காயம் பட்டுக் கிருமி புகுந்தால் அங்கே நான்கு காரியம் நடக்கவேண்டுமாம்: சிவக்க வேண்டும், சுட வேண்டும், வீங்க வேண்டும், வலிக்க வேண்டும். இதற்கு அழற்சி என்று பெயர். நாம் அதை நோய் என்று நினைக்கிறோம். அது உடம்பு செய்யும் வைத்தியம். என் பாதத்தில் வீக்கம் மட்டும் இருந்தது. நாலுக்கு ஒன்று. என் பள்ளிக்கூடத்தில் அது தேறாத மதிப்பெண்.

சர்க்கரை இருக்கிறதா என்று சோதித்தார்கள். இல்லை. "ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்றார். ஒன்றும் இல்லை என்றேன். அது உண்மை என்றே நம்பினேன். காலையில் வெறும் வயிற்றில் பச்சையம்மாள் வெந்நீரில் கலக்கிக் கொடுக்கும் கடுக்காய்த் தூள் ஒன்றுதான். கடுக்காய் எங்கள் மலையில் மரத்தடியில் பொறுக்குவது. அதை யார் மருந்துக் கணக்கில் சேர்ப்பார்கள்?

டாக்டரம்மா ஒரு பேனாவை எடுத்து, பாதத்தில் நிறம் மாறியிருந்த இடத்தின் ஓரமாகக் கோடு போட்டார். கணுக்காலைச் சுற்றி இன்னொரு கோடு. "முதல் கோட்டைத் தாண்டாம நிக்குதான்னு பார்ப்போம். ரெண்டாவது கோட்டுக்கு வந்துட்டா முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டியிருக்கும் சார். உங்ககிட்ட மறைக்க விரும்பல" என்றார்.

இரண்டு கோட்டுக்கும் நடுவில் என் விரலால் ஆறு விரல் அகலம் இருந்தது.

சாயங்கால பஸ் டிரைவர் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பழக்கமானவர். அவரிடம் ஒரு சீட்டுக் கொடுத்தனுப்பினேன்: 'காலில் சிறிய வீக்கம். ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். நீ நாளை வா.' அவளுக்குப் படிக்கத் தெரியாது. டீக்கடைக்காரர் படித்துச் சொல்வார். கறுப்பு பற்றியும் கோடு பற்றியும் எழுதவில்லை.

மறுநாள் அவள் வரவில்லை. எந்தப் பஸ்ஸும் வரவில்லை. இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கிவிட்டது. சாலையெல்லாம் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள் என்று வந்தவர்கள் சொன்னார்கள். அந்த மாதங்களில் போராட்டம், கைது, பந்த் என்று கேட்டுக்கேட்டுப் பழகியிருந்தோம். ஆனால் அது பேப்பரில் படித்த விஷயமாகத்தான் இருந்தது. இப்போது அது எனக்கும் கரியாலூருக்கும் நடுவில் குறுக்கே விழுந்து கிடந்தது.

என் கட்டில் மேற்குச் சன்னலோரம். வார்டில் பதினான்கு கட்டில், என்னுடையது ஒன்பதாவது. சன்னலில் பார்த்தால் வயலுக்கும் கூரைகளுக்கும் மேலே கல்வராயன் மலை நீலமாகத் தெரியும். காலையில் தெளிவாக இருக்கும், வெயில் ஏற ஏற மங்கிவிடும். அந்த மலைக்கோட்டில் எந்த மேட்டுக்குப் பின்னால் எங்கள் வீடு என்று தினமும் குறித்து வைப்பேன். மறுநாள் அது வேறு இடமாகத் தோன்றும். இத்தனைக்கும் அங்கிருந்து எத்தனையோ முறை இந்தப் பக்கம் பார்த்திருக்கிறேன். கீழே இருந்து அங்கே பார்ப்பது இப்படி இருக்கும் என்று தெரியாமல் போயிற்று.

பஸ் ஸ்டாண்டு சத்தம் வார்டுவரை கேட்கும் என்று சிஸ்டர் சொன்னார். அந்த நாட்களில் ஒரு ஹாரன்கூடக் கேட்கவில்லை. வராந்தாவில் கையில் பையோடு ஒரு பெண் நடந்து வந்தால் எழுந்து உட்காருவேன். இரண்டாம் நாள் பதினொரு பேர், மூன்றாம் நாள் ஏழு பேர். அதில் ஒருத்தியின் நடை அச்சாக அவள் நடையே. பக்கத்தில் வந்ததும் யாரோ ஒரு பாட்டி.

எனக்கு அடுத்த கட்டிலில் முருகேசன் என்று ஒருவன், ரிஷிவந்தியம் பக்கம். சொந்தமாக இரண்டு காணி வைத்து உழுகிறவன். மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். மறியலுக்காக மரம் வெட்டும்போது கோடாலி நழுவி முன்னங்காலில் இறங்கிவிட்டது. அவன் கால் தக்காளி மாதிரி சிவந்து, பளபளவென்று வீங்கி, தொட்டாலே அலறினான். காய்ச்சல் வேறு. நாலுக்கு நாலு.

"இன்னா வாத்தியாரே, இன்னிக்கி எத்தினி?" என்பான் காலையில். அவனுக்கும் எனக்கும் வெள்ளை அணுக் கணக்கு எடுப்பார்கள், அதைத்தான் கேட்பான்.

"பத்தொன்பதாயிரத்து நானூறு."

"எனுக்குப் பதினாலாயிரம்தான். நீ என்னை ஜெயிச்சிக்கினே போற."

மரியாதையாகக் கூப்பிட அவனுக்கு வராது. ஆனால் டீ வந்தால் முதல் தம்ளரை என் பக்கம் தள்ளுவான். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன், "உங்க போராட்டத்துக்கு என் பெஞ்சாதி என்ன பண்ணினா? அவ வர்ற ரோடு எதுக்கு?"

அவன் தன் தம்ளரைக் கீழே வைத்தான். பிறகு, "என் பெரிய பையன் பத்து பாஸு வாத்தியாரே. மாடு மேய்க்கிறான். அத்தையும் நீ கணக்குல சேத்துக்க" என்றான்.

ரத்தம் எண்ணுகிறவர் காசிம் பாய். ஆய்வக அறையில் ஒற்றை ஜன்னல், ஒரு நுண்ணோக்கி. கண்ணாடியில் கட்டம் கட்டமாகக் கோடு கிழித்திருக்கும். ரத்தத்தைக் கலக்கி அதில் ஒரு துளி விட்டு, கட்டத்துக்குள் விழுந்த அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பெருக்குவார். இப்படி ஓர் உத்தியோகம் உலகத்தில் இருப்பது எனக்கு அறுபத்துநாலு வயதில் தெரிந்தது. மூன்றாம் நாள் சக்கர நாற்காலியில் வைத்து எக்ஸ்ரேவுக்குக் கொண்டுபோனபோது அவர் வாசலில் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினேன்.

"வாங்க வாத்தியாரே. எட்டிப் பாருங்க. சாயம் போட்ட சிலைடு. உங்க சரக்குதான்."

வெளிறிய வட்டங்களுக்கு நடுவே ஊதா நிறத்தில் ஒன்று. அதன் உட்கரு ஒரே உருண்டையாக இல்லாமல் மூன்று மணிகளைக் கோத்த மாதிரி இருந்தது. இன்னொன்றில் நான்கு.

"அதான் முதல் ஆளு. காயம் பட்டா முந்திக்கினு ஓடறவன்," என்றார் காசிம் பாய்.

"இத்தனை பேர் இருக்கிறார்களே, நல்லதுதானே?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரத்தத்துல ஜாஸ்தி இருக்காங்க. ஆனா காலுக்கு வரலியே. உங்க காயத்துல பஞ்சு வச்சி ஒத்தி எடுத்தேன். கிருமி கெடக்குது, இவனுங்க ரொம்பக் கம்மி. டாக்டரம்மாவும் அதான் கேட்டாங்க, ரோட்டுல இவ்ளோ கூட்டம், வூட்டுக்குள்ள ஏன் ஒருத்தரும் வரலன்னு."

அன்று மத்தியானம் டாக்டரம்மா எனக்கு அதை விளக்கிச் சொன்னார். நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். அடிபட்ட சதை சும்மா இருப்பதில்லை. சில ரசாயனங்களைக் கசியவிடுகிறது. அவைதான் கூப்பிடும் குரல். அந்த ரசாயனம் பட்டதும் பக்கத்து ரத்தக்குழாய் அகலமாகிறது. அதனால் சிவப்பும் சூடும். குழாயின் உட்சுவரில் கொக்கி மாதிரிச் சில முளைக்கின்றன. ரத்த ஓட்டத்தில் போய்க்கொண்டிருக்கும் வெள்ளை அணு அதில் மாட்டி உருண்டு, வேகம் குறைந்து, நிற்கிறது. பிறகு தன் உடம்பைத் தட்டையாக்கி, சுவரில் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் நுழைந்து வெளியே வருகிறது. அதற்குக் கண் இல்லை, காது இல்லை. ரசாயனம் எந்தப் பக்கம் அடர்த்தியாக இருக்கிறதோ அந்தப் பக்கமாக ஊர்கிறது. காட்டில் பலா பழுத்தால் எந்த மரம் என்று நமக்கு யாரும் சொல்வதில்லை. மணம் ஏறுகிற பக்கமாக நடக்கிறோம். அதுபோல. போய்ச் சேர்ந்த அணு கிருமியை விழுங்குவதோடு தானும் ரசாயனம் விட்டு மற்றவர்களைக் கூப்பிடுகிறது. கடைசியில் அங்கேயே செத்துப் போகிறது. நாம் சீழ் என்று முகம் சுளிக்கிறோமே, அதில் பெரும்பகுதி அப்படி வந்து செத்தவர்கள்தான்.

"உங்க கால்ல ஒண்ணு கூப்பிடல, இல்லைன்னா கூப்பிட்டது கேக்கல. எதுன்னுதான் தெரியல" என்றார்.

அவர் போன பிறகு மலையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். சீட்டில் 'சிறிய வீக்கம்' என்று எழுதியது நினைவுக்கு வந்தது.

நான்காம் நாள் காலையில் எழுந்து உட்கார்ந்ததும் தலை சுற்றியது. மூன்று முறை வாந்தி. ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. சலைன் ஏற்றினார்கள். கை தூக்கத் தெம்பில்லை; சொட்டுகளை எண்ண ஆரம்பித்து நூற்றுப்பத்தில் விட்டுவிட்டேன். அந்த நாளில் எனக்கு வேண்டியிருந்தது வேறு ஒன்றும் இல்லை. விடிகாலையில் பித்தளைத் தம்ளரை அவள் ஆற்றும் சத்தம், "இந்தாங்க, ஆறிடப் போவுது" என்று நீட்டும் கை. துவர்ப்பு நாக்கில் ஏறியதுபோலவே இருந்தது. கண்ணில் நீர் வந்தது. முருகேசன் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

டாக்டரம்மா என் முகத்தையே பார்த்தார். "இந்த முகம் எப்பவும் இப்படித்தான் உருண்டையா இருக்குமா சார்?"

"ஒரு பத்து மாதமாகத்தான். ஊரில் எல்லோரும் பூரிப்பாக இருக்கிறேன் என்கிறார்கள்."

முழங்கையில் இருந்த கன்றிய தழும்புகளைத் தடவினார். தொட்டாலே கன்றிப்போகும் தோல் என்றேன். "யோசிச்சுச் சொல்லுங்க. வலி மாத்திரை, மூச்சு மாத்திரை, சந்தையில வாங்கின லேகியம், எதுவுமே இல்லையா?"

"கடுக்காய் தவிர ஒன்றுமில்லை" என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். சந்தை மருந்து சாப்பிடுகிற ஆளா நான்?

ஐந்தாம் நாள் கறுப்பு முதல் கோட்டைத் தாண்டி இரண்டு விரல் அகலம் வந்திருந்தது. பாண்டிச்சேரிக்கு அனுப்பலாம் என்றால் சாலை இல்லை. "நாளன்னிக்குக் காலையில முடிவு பண்ணிடுவோம்" என்றார். காலை எடுப்பதற்கு வீட்டு ஆள் கையெழுத்து வேண்டும் என்று சிஸ்டர் ஒரு சம்மதக் காகிதத்தைக் கட்டிலோடு கட்டிவிட்டுப் போனார். எனக்குக் காலைவிட அந்தக் காகிதம்தான் பெரிய பயமாக இருந்தது. அவள் வருவதற்குள் எடுத்துவிட்டால்? அவள் கடைசியாகப் பார்த்தது இரண்டு காலில் பஸ் ஏறிய ஆளை அல்லவா?

ஆறாம் நாள் உச்சி வெயிலில் பச்சையம்மாள் வந்தாள்.

வராந்தாவில் அவள் வந்தபோது நான் எழுந்து உட்காரவில்லை. ஏமாந்து ஏமாந்து விட்டுவிட்டிருந்தேன். கட்டிலருகே வந்து நின்ற பிறகுதான் தெரிந்தது. புடவை முழங்கால்வரை புழுதி. செருப்பு ஒன்று அறுந்து கையில் இருந்தது.

"சின்ன வீக்கம்னு எழுதினீங்களாமே," என்றாள் காலைப் பார்த்துக்கொண்டு.

"எப்படி வந்தே?"

"காலாலதான். கச்சிராயபாளையத்துல ஒரு வூட்டுல படுத்துக்கினு விடிஞ்சதும் நடந்தேன்."

"எத்தனை மரம் போட்டிருந்தாங்க வழியில?"

"மரத்த எண்ணிக்கினு வர்ற நெலமையிலா வந்தேன் நானு?"

முருகேசன் அடுத்த கட்டிலிலிருந்து, "எண்ணியிருந்தா நல்லாருந்திருக்கும் ஆயா. எதெல்லாம் நம்ம ஆளுங்க வெட்னதுன்னு சொல்லியிருப்பேன்" என்றான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "நீங்க வெட்னதா அதெல்லாம்? ஏறி எறங்கி என் முட்டி கழண்டுபோச்சு. இப்பப் பார், ஆண்டவன் உன் காலையும் கொஞ்சம் வெட்டிட்டான்." சொல்லிக்கொண்டே மூட்டையை அவிழ்த்து, சாமைச் சோற்றில் ஓர் உருண்டையை அவனுக்கும் கொடுத்தாள். அவன் சிரித்துக்கொண்டு வாங்கிக்கொண்டான்.

மூட்டையில் வேட்டி இரண்டு, துண்டு, சீப்பு, என் பழைய கண்ணாடி, சோறு, அப்புறம் அந்தத் தகர டப்பா. "ஆறு நாளா இது இல்லாம இன்னா பாடுபட்டீங்களோ," என்று டீக்கடையில் வெந்நீர் வாங்கி வந்து, தம்ளரில் கலக்கி நீட்டினாள். நான் கையில் வாங்கினேன். அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த நிமிடத்தில் எனக்குக் கால்கூட மறந்துவிட்டது.

டாக்டரம்மா வந்தார். "என்ன குடிக்கிறீங்க?"

"கடுக்கா தாயி," என்றாள் பச்சையம்மாள்.

டப்பாவை வாங்கி ஒரு சிட்டிகை உள்ளங்கையில் போட்டு வெளிச்சத்தில் பார்த்தார். பழுப்புத் தூளில் வெள்ளை வெள்ளையாகப் பொடி. நாக்கு நுனியில் வைத்தார். "துவர்ப்பு சரி. கசப்பு எங்கேருந்து வந்துச்சு? அம்மா, இதுல வேற என்ன கலந்திருக்கு?"

பச்சையம்மாள் என்னைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள். "முட்டிவலித் தூளு," என்றாள். "வெள்ளிமலை சந்தையில சைக்கிள்ல வர்றவன் குடுக்கறது. மூலிகைதான்னான். பத்து மாசமா கலக்கறேன். அவுரு நல்லா நடந்தாரு தாயி."

டாக்டரம்மா என் கையிலிருந்த தம்ளரை மெதுவாக வாங்கி மேசைமேல் வைத்தார்.

அது மூலிகை அல்ல. ஸ்டீராய்டு என்ற மாத்திரையை இடித்துக் கலந்தது. மூட்டுவலியை அது உடனே அடக்கும். காரணம், அழற்சியையே அடக்கிவிடும். சதை கூப்பிடும் ரசாயனக் குரலைக் கம்மியாக்கிவிடும். ரத்தக்குழாய்ச் சுவரில் கொக்கி முளைக்காமல் செய்துவிடும். வெள்ளை அணுக்கள் மாட்டி நிற்க இடமில்லாமல் ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். எண்ணினால் பத்தொன்பதாயிரம். காலில் வெகு சிலர்தான். நான் பெருமைப்பட்ட எண்ணிக்கை அதுதான். உருண்டை முகம், கன்றும் தோல் எல்லாம் அதன் வேலை. நான்காம் நாள் வந்த வாந்தியும் மயக்கமும் திடீரென்று அது நின்றுபோனதால் வந்தவை. உடம்பு தானாகச் சுரக்கவேண்டியதை மறந்துவிட்டிருந்தது. அதனால் அதே மருந்தை இனி டாக்டரம்மாவே உடம்புக்கு வேண்டிய சிறு அளவில் அளந்து கொடுத்து நாளுக்கு நாள் குறைப்பாராம்; யாரும் தானாக நிறுத்தக்கூடாது. முட்டிவலித் தூள் சாப்பிடுகிறவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.

டாக்டரம்மாவுக்குப் புதிர் அவிழ்ந்த சந்தோஷம். காலைக் குனிந்து பார்த்து, "ஓரத்துல லேசா சிவக்குது பாருங்க. ஆறு நாள் தூள் உள்ளே போகல, அதான். ரோடு மட்டும் திறந்திருந்து நீங்க ரெண்டாம் நாளே டப்பாவோட வந்திருந்தா, இந்தக் கால் போயிருக்கும்மா" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை.

"அப்ப எங்க மரம்தான் வாத்தியார் காலக் காப்பாத்திச்சு," என்றான் முருகேசன். சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பச்சையம்மாள் தம்ளரை எடுத்துக்கொண்டுபோய்ச் சாக்கடையில் ஊற்றினாள். டப்பாவையும் கொட்டினாள். கையைத் தண்ணீர்க் குழாயில் வெகுநேரம் கழுவினாள். பிறகு வராந்தாவின் கோடியில், தூணோரமாக, எனக்கு முதுகு தெரியும்படி உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. வரவில்லை என்று எழுதினால் பொய். எனக்குத் தெரியாமல் பத்து மாதம். கடுக்காயின் மகிமை என்று பதினான்கு பேரிடம் அளந்திருக்கிறேன். ஆனால் படுத்துக்கொண்டு யோசிக்க நேரம் நிறைய இருந்தது. முட்டிவலி ஜாஸ்தியான நாளில் குழாய்க்கு அறுபத்துநாலு அடி, பள்ளிக்கூட மேட்டுக்குத் தொண்ணூற்றாறு படி என்று காலை மாலை அவள் காதில் ஓதியவன் நான். டாக்டரிடம் போகச் சொன்னால் போகமாட்டேன். அதற்கு முன்பு ஒருமுறை அவள் வாங்கி வந்த தைலத்தை, இதில் என்னென்ன சரக்கு, எத்தனை பங்கு என்று குடைந்து, கடைசியில் வீசி எறிந்தேன். அதற்குப் பிறகு அவள் எனக்கு எந்த மருந்தைத்தான் சொல்லிவிட்டுக் கொடுக்க முடியும்? தூள் தந்த பத்து மாதத்தில் அருவிவரை நாங்கள் மூன்று முறை நடந்து போய்வந்தோம். கல்யாணமான புதிதில்கூட அப்படி நடந்ததில்லை. மூன்றாவது முறை பாறையில் உட்கார்ந்து அவள் தனக்குத்தானே சிரித்துக்கொண்டது ஏன் என்று இப்போது புரிந்தது.

அன்று சாயங்காலம் கஞ்சியை வார்டு பெருக்கும் அம்மாவிடம் கொடுத்தனுப்பினாள். "அவுங்க கையால தரக்கூடாதாமே?" என்று அந்த அம்மா என்னிடம் கேட்டாள். "யார் சொன்னது?" என்றேன். "அவுங்கதான் சொல்லிக்கிறாங்க."

ஆறு நாள் அவள் எந்த மேட்டுக்குப் பின்னால் இருக்கிறாள் என்று தேடினேன். இப்போது கண்ணெதிரே முதுகு தெரிந்தது, முடிந்த கொண்டை தெரிந்தது. மலை இதைவிடப் பக்கத்தில் இருந்தது.

ஏழாம் நாள் காலையில் வலி என்னை எழுப்பியது. பாதத்துக்குள் யாரோ அடுப்பு மூட்டிய மாதிரி. நாடி அடிக்கும்போதெல்லாம் விண் விண் என்று தெறித்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். டாக்டரம்மா வந்து கட்டைப் பிரித்தார். கறுப்பின் ஓரம் முழுக்க ஒரு சிவப்பு வேலி கட்டியிருந்தது.

"வலிக்குதா சார்?"

"பொறுக்க முடியல."

"நல்லது," என்றார். முகமெல்லாம் சிரிப்பு. அந்த இடத்தைக் கீறினார். மஞ்சளாகச் சீழ் வந்தது. "வந்துட்டாங்க," என்று பாத்திரத்தைச் சாய்த்து எனக்கே காட்டினார். "கணுக்காலுக்கு மேல ஏறாது. ரெண்டு விரலை எடுத்துடுவோம். கால் உங்களுதுதான்." கட்டிலில் கட்டியிருந்த காகிதத்தைச் சிஸ்டர் அவிழ்த்துக்கொண்டு போனார்.

எனக்கு அதை உடனே அவளிடம் சொல்ல வேண்டும். வராந்தாவைப் பார்த்தேன். அதே தூண், அதே முதுகு.

"பச்சை," என்று கூப்பிட்டேன்.

அசையவில்லை.

"பச்சை. காலை எடுக்கவேண்டாமாம்."

கேட்டிருக்கும். தோள் லேசாக இறங்கியது. ஆனால் எழுந்திருக்கவில்லை. நல்ல செய்திக்குத் தான் தேவையில்லை என்று நினைத்திருப்பாள். முருகேசன் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

நாற்பத்தொரு வருடத்தில் நான் அவளிடம் புலம்பாத நாள் இல்லை. படி எத்தனை, அடி எத்தனை, பஸ் எத்தனை நிமிடம் தாமதம் என்று புலம்பியிருக்கிறேன். இதைச் சொன்னதில்லை.

"வலிக்குதுடி," என்றேன். "நீ வா."

அவள் எழுந்து வந்தாள். கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். கைகள் இரண்டையும் முந்தானைக்குள் சுற்றி வைத்திருந்தாள்.

"நான் தொட மாட்டேன். நான் தொட்டதெல்லாம் போதும்," என்றாள்.

"கட்டுக்கு மேல வை. கணுக்கால்ல."

வெகுநேரம் நின்றாள். பிறகு முந்தானையிலிருந்து ஒரு கையை எடுத்தாள். டாக்டரம்மா செய்வதுபோலப் புறங்கையை வைத்தாள், உடனே எடுத்தாள், மறுபடி உள்ளங்கையை வைத்தாள்.

"கொதிக்குதுங்க," என்றாள்.

"ஆமாம். எடுக்காதே, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்."